அத்தை வீட்டுக் கிண்ணத்தை நான் எடுத்த விதம்

என் பெயர் தமிழ்மணி, தந்தை பெயர் பொன்னுத்துரை, வயது முப்பத்து மூன்று. ஷ்வேப்யிதாவில் வாடகை வீட்டில் குடியிருந்து, அங்குள்ள தையல் ஆலையில் மின்வேலை பார்த்து வருகிறேன். எனக்குப் பர்மியம் நன்றாக வரும். ஆனால் இந்த விஷயத்தைப் பர்மியத்தில் சொன்னால் எனக்கே திருட்டு மாதிரித்தான் கேட்கிறது. ஆகவே தமிழில் சொல்கிறேன்.

வழக்கில் உள்ளது ஒரு வெள்ளிக் கிண்ணம். ஒரு பக்கம் மட்டும் தட்டையான கைப்பிடி, அதில் பூவேலையாகத் துளைகள். என் பூட்டனார் இங்கே ஓர் அமெரிக்கப் பாதிரியார் வீட்டில் சமையல்காரர். சண்டைக் காலத்தில் அவர்கள் ஊரைவிட்டுப் போனபோது, பூட்டனாருக்குப் பிள்ளை பிறந்திருந்ததால், பாதிரியாரின் மனைவி கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், இவர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் முதல் சோறு அதில்தான். கடைசியாகச் சோறூட்டிய வீட்டில் கிண்ணம் இருக்கும். அடுத்த பிள்ளையின் தகப்பன் போய்க் கேட்காமல் எடுத்துவர வேண்டும், அந்த வீட்டார் கண்டும் காணாததுபோல் இருக்க வேண்டும். பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைக்குச் சோறு உடம்பில் ஒட்டாது என்பார்கள்.

சென்ற சனிக்கிழமை இன்சீனில் என் அப்பாவின் தங்கை ஜெயம்மா வீட்டுக்குப் போனேன். "வாடா, அதிசயமா இருக்கு. ஒக்காரு, லப்பேயே போட்டுக் கொண்டாரேன்" என்று அத்தை சமையலறைக்குப் போனார். கிண்ணம் பளபளவென்று துடைத்துக் கூடத்து மேசையில் இருந்தது. பையில் போட்டேன். அத்தை சமையலறைக் கதவருகில் நின்று பார்த்தார். அதன் பிறகு அத்தை கொடுத்த லப்பேயே தேநீரைக் குடித்தேன். நான் புறப்படும்போது அத்தை, "பாப்பாவுக்குப் பருப்பை நல்லாக் கொழைய வேக வைக்கச் சொல்லு" என்றார்.

மறுநாள் என் மகளுக்குச் சோறூட்டி முடித்தோம். அதன் பிறகு போலீசார் வந்தார்கள், கிண்ணத்தைக் கழுவக்கூட விடவில்லை. புகார் கொடுத்தவன் அத்தை மகன் சுந்தர். அமெரிக்கா பிரிட்டிஷார் கையில் இருந்த காலத்து வெள்ளி அது என்று ஒரு வியாபாரி சொல்லி, விலையும் பேசி முடித்திருந்தார்களாம், இங்கே காவல் நிலையத்துக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். விற்கத் துடைத்து வைத்தார்களா, எனக்காகத் துடைத்து வைத்தார்களா, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு வருஷம் முந்தி இதே சுந்தர் என் அக்காள் வீட்டிலிருந்து இப்படித்தானே எடுத்து வந்தான்? அப்போது அவன் ஒரு பிள்ளையின் தகப்பன், இப்போது நான் திருடனா? இது என்ன நியாயம் ஐயா?

இன்று காலை அத்தையை அழைத்து வந்தார்கள். அவர் பார்த்திருக்க நான் எடுத்திருந்தால் வழக்கே இல்லை, இல்லாவிட்டால் சிறைதான் என்று ஆய்வாளர் விளக்கிவிட்டு, "பார்த்தீர்களா?" என்று கேட்டார். அத்தை பக்கத்தில் சுந்தர் நின்றான். வாசலில் என் மனைவி பிள்ளையோடு நின்றாள். அத்தை பிள்ளையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றார்.

அதைத் தன் மகனுக்காகச் சொன்னாரா, என் மகளுக்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அத்தையைத் திட்டவும் நாக்கு வரவில்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்ததுதான் எழுதியிருக்கிறது, கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அத்தை கதவருகில் நின்று பார்த்தார் என்ற வரியை மட்டும் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் பார்க்கவில்லை.

ஒப்பம்: பொ. தமிழ்மணி