எறும்பு வராத பை

உங்கள் மேசையில் எறும்பு ஊர்கிறது, மேடம். யாரோ தேநீரைச் சிந்திவிட்டுச் சும்மா துடைத்திருக்கிறார்கள். வெறும் ஈரத்துணிக்கு எறும்பு அடங்காது. எங்கள் வீட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில்தான் எறும்பு அதிகம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை. சர்க்கரையே ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லும் ஆளுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் சர்க்கரை இருந்தாக வேண்டும்.

இதை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்வது உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். என் மனைவி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாடு குறைந்தாலோ, நடை அதிகமானாலோ, உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் இனிப்பாக எதையாவது வாயில் போட்டால் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். போடாவிட்டால் மயக்கம். மயக்கம் நீண்டால் மூளை கெடும். அதற்காகத்தான் அவள் கைப்பையில் மிட்டாய் வைத்திருந்தாள். எலுமிச்சை நிற மிட்டாய். இரண்டு பக்கமும் தாளை முறுக்கிச் சுற்றியிருக்கும்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்துவது என் வேலை. நகக்கண்ணில் பாதி அளவு திருகாணியைக் கை நடுங்காமல் எடுத்து வைப்பேன். அந்தக் கையால்தான் கல்யாணமான மறுவருடத்திலிருந்து அவளுக்கு ஊசி போட்டேன். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை அவள். ஊசி, மாத்திரை, பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, தட்டில் எவ்வளவு வைப்பது, எல்லாம் நான்தான். அவளுக்குச் சர்க்கரை இறங்கப் போகிறது என்றால் அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும். மூக்கு நுனியில் மட்டும் பொடிப்பொடியாக வேர்க்கும். காரணமில்லாமல் கோபம் வரும். "என்ன இப்ப? எதுக்கு என்னையே பாக்கறீங்க?" என்று சீறுவாள். நான் மிட்டாயைப் பிரித்து நீட்டுவேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டிட்டேனா?" என்பாள். அந்தக் கேள்விக்காகவே எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்கலாம்.

கடையில் கேலி செய்வார்கள். அவளுக்கு வேர்த்தால் இவனுக்குக் காய்ச்சல் என்பார்கள். அவளுடைய தங்கை, என் மச்சினி, ஒருபடி மேலே போய், "அத்தான், அக்கா தும்மறதுக்கு முன்னாடியே கைக்குட்டைய நீட்டறீங்களே, அவள தும்மவாவது விடுங்க" என்பாள். நானும் சிரிப்பேன். அதில் ஒரு முள் இருந்தது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த நர்ஸ் வந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மாடியில் வாரம் ஒருமுறை நோயாளிகளை உட்காரவைத்து, உங்கள் நோயை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுப்பார். நல்ல காரியம்தான். என் மனைவி போய்வந்தாள். முதலில் விரலைத் தானே குத்திச் சர்க்கரை பார்த்தாள். பிறகு ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். நான் மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தபோது, "போட்டாச்சுங்க" என்றாள், கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே. நான் அந்தக் குப்பியைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அதன் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். குளிர் முகத்தில் அடித்தது.

உடம்பு தேறியது, மேடம். அதை மறைக்க மாட்டேன். முகம் தெளிந்தது, கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடை. அங்கே திரைச்சீலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி என்று வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. என்னிடம் கேட்க அவளிடம் ஒரு கேள்வியும் இல்லாமல் போயிற்று. அவளைக் குற்றம் சொல்லவில்லை. தெம்பு வந்தால் மனிதருக்குக் கொஞ்சம் தலை நிமிரும். ஆனால் இது கூடவே இருக்கும் நோய். போய்விட்டது என்று நினைத்தால் அன்றைக்குக் கழுத்தைப் பிடிக்கும். அதை அவள் மறந்துகொண்டிருந்தாள். நினைவுபடுத்துவது என் கடமை என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கடையில் சர்க்கரை சேர்க்காத மிட்டாய் விற்கிறார்கள். அதே எலுமிச்சை நிறம், அதே உருண்டை. நாக்கில் வைத்தால் இனிக்கும். உடம்புக்கு அதில் ஒன்றுமில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் பையிலிருந்த மிட்டாய்களின் தாளைப் பிரித்தேன். உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி, பழைய மடிப்பிலேயே திரும்ப முறுக்கினேன். கைத்தொழில் எப்போதும் கைகொடுக்கும்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. அவளுடைய கடை மேலாளரை முன்கூட்டியே பார்த்து, "மயங்கி விழுந்தா வாயில எதையும் திணிச்சுடாதீங்க, அடைச்சுக்கும். உடனே எனக்குச் சொல்லுங்க, ஓடி வந்துடறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். என் சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி இருந்தது. பாருங்கள், இப்போதும் இருக்கிறது.

நினைத்தபடிதான் நடந்தது. கூப்பிட்டார்கள், ஓடினேன். திரைச்சீலைக் கட்டுகளுக்கு நடுவே கிடத்தியிருந்தார்கள். முழு மயக்கமில்லை, முனகிக்கொண்டிருந்தாள். பொடியைக் கரைத்துக் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். கண் திறந்தாள். அத்தனை பேர் சுற்றி நிற்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்னங்க ஆவேன்?" என்றாள்.

என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு இல்லை. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

கொஞ்ச காலம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். பழையபடி நான் ஊசி போட்டேன். ஆனால் நர்ஸ் விடவில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எப்போது ஊசி போட்டீர்கள் என்று துருவிக் கேட்டார். "மிட்டாய் போட்டீங்கதானே?" என்றார். "போட்டேனே, கேக்கல" என்றாள் இவள். நர்ஸ் யோசித்து, டாக்டரைக் கேட்டு மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்து, "இனிமே ரெண்டு மூணு கூடுதலா வச்சுக்கோங்க" என்றார். அதனால் நானும் கூடுதலாகச் சுற்றி வைத்தேன். அவ்வளவுதான்.

அவள் மறுபடி ஊசியைத் தானே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். துணிக்கடைக்காரர்கள் வேறு ஊரில் புதுக்கிளை திறந்தார்கள். திரைச்சீலைப் பிரிவுக்கு இவளைப் பொறுப்பாகப் போடுவதாகவும், அங்கேயே விடுதியில் தங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என்னிடம் கேட்கவில்லை, தகவல் சொன்னாள். "வாரக்கடைசி வந்துடுவேங்க. நீங்களும் கொஞ்சம் நிம்மதியா இருப்பீங்க" என்றாள். நிம்மதி என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். யாருடைய நிம்மதியை அவள் சொன்னாள் என்று.

புறப்பட்ட அன்று காலை பையை அடுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள்.

"முன்னெல்லாம் இந்தப் பையத் தொட்டாலே எறும்பு கையில ஏறும். இப்ப ஒண்ணு கூடக் காணோமே."

"துடைச்சு வச்சேன்" என்றேன்.

சிரித்தாள். "உங்களுக்குப் பயந்துக்கிட்டு எறும்பு கூட வர்றதில்ல."

அவள் அந்தப் பேச்சை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் செருப்பைத் தேடப் போய்விட்டாள். ஊசி போட்டுக்கொண்டாள். பயண உற்சாகத்தில் பாதித் தட்டோடு எழுந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை வருடம் சொன்னவன், அன்று சொல்லவில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறவளுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

பேருந்திலிருந்து கூப்பிட்டாள். குரல் குழறியது. "என்னங்க... மிட்டாய் போட்டேன். சரியாகல. இன்னொண்ணு போட்டேன். கை எல்லாம் ஆடுது."

சர்க்கரை இறங்கினால் அவளால் யோசிக்க முடியாது, சொன்னதைச் செய்வாள். அப்படிப்பட்ட நேரத்தில் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து இருக்கைக்காரரை அல்ல, நர்ஸை அல்ல. "இன்னும் ரெண்டு வாயில போடு. அடுத்த நிறுத்தத்துல இறங்கி உக்காந்துக்கோ. யாரையும் தொந்தரவு பண்ணாத. எங்கயும் போகாத. நான் வரேன்" என்றேன். "சீக்கிரம் வாங்க" என்றாள்.

கடையில் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சட்டை கசங்கியிருந்தது, மாற்றிக்கொண்டேன். போன முறை ஓடிய வேகத்தில் வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றேன். இந்த முறையாவது அவள் கண் திறக்கும்போது பார்க்கிறமாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். பொடியை எடுத்துவைத்தேன். பேருந்துக்காகக் காத்திருந்தேன். வழியில் சாலை வேலை நடந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் சொன்னபடியே நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தலை தூணில் சாய்ந்திருந்தது. மடி நிறைய மிட்டாய்த் தாள். அயர்ந்து தூங்குகிறாள் என்று எல்லாரும் விட்டுவிட்டார்களாம். நேர் எதிரே பலசரக்குக் கடை. திறந்த சர்க்கரை மூட்டை வாசலிலேயே இருந்தது, மேலே கரண்டி செருகியபடி. பொடியைக் கரைத்துக் கன்னத்தில் தடவினேன். எவ்வளவு தடவியும் அவள் என் சட்டையைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மச்சினி கைப்பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்திருக்கிறாள். சீப்பு, சாவி, மிஞ்சிய மிட்டாய். பக்கத்தில் யாரோ தின்று வைத்த ஒரு துண்டு பிஸ்கட். இரண்டு மிட்டாய் தாள் பிரிந்து கிடந்ததாம். மறுநாள் பார்த்தால் பிஸ்கட்டில் எறும்பு மொய்த்திருக்கிறது, மிட்டாயை ஒன்றுகூடச் சீண்டவில்லை. அவள் கெட்டிக்காரி. அப்போது என்னிடம் காட்டிக்கொள்ளாமல் எடுத்துவைத்து, இப்போது போலீசுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அந்த மிட்டாய்களைத்தான் நீங்கள் இதோ மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். தேநீர்க் கறையிலிருந்து கிளம்பும் எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போவதை நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன்.

ஆம், மாற்றியது நான்தான். சுற்றியது நான்தான். என்ன நடக்கும் என்று தெரிந்தே "நான் வரேன்" என்று சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவளை நான் பார்த்துக்கொள்கிற மாதிரி யாராலும் முடியாது. எழுந்திருக்க மாட்டாள், வாய் பேசாது, குழாய் வழியாகத்தான் ஆகாரம். அளந்து விடுகிறேன், நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். முதுகில் ஒரு புண் கிடையாது. சர்க்கரை இவ்வளவு சீராக இருந்ததே இல்லை என்று டாக்டரே சொன்னார். மச்சினி வந்தால் கண்ணைத் திறந்து அவளையே பார்ப்பாள். நான் உள்ளே வந்தால் உடனே மூடிக்கொள்வாள். நான் இருக்கிறேன் என்ற தைரியம், தூங்கிவிடுகிறாள்.

மச்சினி அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். அதற்கு நீங்கள் உடந்தையாக இருக்கக் கூடாது. அந்த மூக்கு நுனி வேர்வை அவளுக்குத் தெரியுமா? மத்தியான ஊசிக்கு நேரமாகிறது, மேடம். என்னைச் சீக்கிரம் அனுப்புங்கள். நான் அவளை எப்படி வைத்திருந்தேன் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அவளிடமே போய்க் கேளுங்கள். என்மேல் ஒரு குறை சொல்ல மாட்டாள்.