முப்பத்தொன்றில் இருபத்தெட்டு

— அப்போ மூணு வருஷத்துல இந்த கேட்டுல துண்டோட பிடிபட்ட முப்பத்தொரு பேர்ல, இருபத்தெட்டு பேர் பேக்கிங் ஷெட்டு. சரிதானே அக்கா?

— என் ரிஜிஸ்டரை எண்ணினது நீங்கதானே மேடம்? நான் எழுதறதோட சரி. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. டீ ஆறிடப் போவுது.

— ஷிஃப்ட் முடிய எவ்வளவு நேரம் இருக்கு?

— பத்து நிமிஷம். சங்கு ஊதிட்டா அப்புறம் என்கிட்ட பேச முடியாது. அறுநூறு பொம்பளைங்க இந்த ஒரு கேட்டு வழியா வெளிய போகணும். கூண்டைத் திறந்துவிட்ட கோழிங்களாட்டம் வருவாங்க.

— அதுக்குள்ள முடிச்சிடறேன். நாளைக்கு ரிப்போர்ட்டு முதலாளி கைக்குப் போகணும். பதினஞ்சு வருஷமா இங்க சோதனை போடறவங்க நீங்க. உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிட்டா எனக்குத் திருப்தி.

— பதினாறு வருஷம். சொல்லுங்க, சொல்லுங்க. மில்லுல துண்டு திருடறதுக்கெல்லாம் ஒரு படிப்பு இருக்குன்னு நீங்க வந்தப்புறம்தான் எனக்குத் தெரியும்.

— சமூகவியல் அக்கா. அதாவது, ஒருத்தர் ஏன் தப்பு பண்றார்னு அவர் புத்தியில மட்டும் தேடாம, அவரைச் சுத்தி இருக்கறதுல தேடறது. முதல் காரணம், ஆசை. இங்க நெய்யற துண்டெல்லாம் பெரிய பெரிய ஹோட்டலுக்குப் போகுது. பேக்கிங்ல இருக்கறவங்க நாள் பூரா அதைத் தொட்டு, மடிச்சு, பெட்டியில அடுக்கறாங்க. காசு குடுத்து ஒண்ணு வாங்க வழியில்ல. நேர்வழி அடைச்சிருந்தா மனுஷன் குறுக்குவழி தேடுவான்.

— கரெக்ட்டு மேடம்! தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா?

— அதேதான். ரெண்டாவது, சேர்க்கை. தப்பையும் ஒரு தொழில் மாதிரி யாரோ கத்துக்குடுக்கணும். இடுப்புல எப்படிச் சுத்தறது, எந்தக் கூட்டத்தோட சேர்ந்து நடக்கறதுன்னு, பழைய ஆளுங்க புது ஆளுங்களுக்குச் சொல்லித் தராங்க.

— பின்னே? பன்னியோட சேர்ந்த கன்னுக்குட்டியும்... வேணாம், நீங்க டீ குடிக்கிறீங்க.

— மூணாவது, பிடிப்பு. அதாவது, இழக்கறதுக்கு ஏதாவது இருக்கறவங்கதான் பயப்படுவாங்க. அந்த ஷெட்டுல யாருக்குமே நிரந்தர வேலை இல்ல. பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் இல்ல, இல்லேன்னா குடிகாரர். ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டேன். எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பக்கம் வந்திருக்கு.

— பிரமாதம் மேடம். முதலாளி படிச்சா மனசு இளகிடும். சம்பளம் ஏத்துவாரோ?

— நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனா காலையில அவர் அறையில பேசினப்போ வேற மாதிரி முடிவு பண்ணிட்டாங்க. இத்தனை காரணமும் ஒரே ஷெட்டுல இருந்தா, ஷெட்டையே மாத்திடுவோம்னு. மாசக் கடைசியில அங்க இருக்கற நாப்பத்திரண்டு பேரையும் நிறுத்தறாங்க.

— என்னது?

— எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குக்கா.

— நாப்பத்திரண்டு பேரையுமா? அய்யய்யோ, மாட்டினவளுங்க எல்லாம் அன்னன்னைக்கே வேலையை விட்டுப் போயாச்சே மேடம்! இப்ப இருக்கறவங்க ஒரு நூல்கூட எடுக்காதவங்க.

— எடுத்தாங்கன்னு நான் எழுதல. எடுக்கறதுக்கான சூழ்நிலை இருக்குன்னுதான் எழுதினேன்.

— நல்லா இருக்கு நியாயம்! நாளைக்கு எடுப்பாங்கன்னு இன்னைக்கே தண்டனையா? ஏன் மேடம், தையல் ஷெட்டுல மட்டும் என்ன பட்டுத்துணியா தைக்கிறாங்க? அதே துண்டு, அதே கூலி. என்னையே எடுத்துக்கங்க. அவங்க இருக்கற அதே தெருவுலதான் நானும் இருக்கேன். என் வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சே போய்ச் சேர்ந்தாரு. உங்க பதினெட்டுப் பக்கத்துல நான் எத்தனாவது பக்கம்?

— கோவிச்சுக்காதீங்க.

— கோவம் வராம என்ன வரும்? அந்த ஷெட்டுல ஒருத்தி இருக்கா, நெட்டைன்னு கூப்பிடுவோம். கீழ கிடந்த கம்மலை எடுத்து, யாருதுன்னு ஷெட்டு ஷெட்டா அலைஞ்சு குடுத்தவ. அவளும் போகணுமா? தாய் வீட்டுலயும் சேர்க்க மாட்டாங்க அவளை.

— அக்கா, நீங்க கேட்டதையெல்லாம் நானே என்னைக் கேட்டுக்கிட்டேன். அதே வறுமை, அதே தெரு, ஆனா தையல்ல ரெண்டு பேர், சாயத்துல ஒருத்தர், ஆபீஸ்ல யாருமே இல்ல. எப்படி? ஒரு சூப்பர்வைசர் கைகாட்டிப் பிடிச்சிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன். தனக்கு ஆகாத ஷெட்டாப் பார்த்துப் பிடிச்சிருக்கான்னு முதல் பக்கத்துலயே எழுதியிருப்பேன். ஆனா இந்த மூணு வருஷமா இங்க மெஷின் அக்கா. போறவங்க பட்டனை அமுக்கறாங்க. அது தன்பாட்டுக்குப் பச்சையோ சிவப்போ காட்டுது. சிவப்பு வந்தா சோதனை. யார் ஏழை, யார் எந்த ஷெட்டுன்னு அதுக்குத் தெரியாது. எல்லாரையும் ஒரே மாதிரி சோதிச்சும் அங்க மட்டும் இருபத்தெட்டுன்னா, அதை நான் எப்படி இல்லேன்னு சொல்றது?

— லைட்டைப் பத்தி எத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க?

— ஒரு வரி. சோதனையில பாரபட்சம் இல்லைன்னு.

— அந்த வரி பொய்யா இருந்தா?

— பதினெட்டுப் பக்கமும் பழைய பேப்பர்காரனுக்குத்தான் போகும். ஏன்க்கா?

— மேடம், எனக்கு இன்னும் நாலு வருஷம் வேலை இருக்கு. பொண்ணு நர்ஸுக்குப் படிக்கிறா. அதை மனசுல வெச்சுக்கங்க. இப்ப கொஞ்சம் குனிஞ்சு இந்த மேசைக்கு அடியில பாருங்க.

— என்னது இது? பெடல் மாதிரி...

— மாதிரி என்ன, பெடலேதான். யார் மேலயாவது சந்தேகம் வந்தா மிதி, சிவப்பு எரியும்னு மெஷின் மாட்டினவன் குடுத்துட்டுப் போனான். தானா சிவப்பு எரியறது மாட்டின ஆறாம் மாசமே கெட்டுப்போச்சு. மத்த ஷெட்டு மூணு பேரும் அதுக்கு முன்னாடி மாட்டினவங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடல.

— ஏன் சொல்லல?

— ஏன்னா... எனக்கு வீட்டுலயும் சரி, வெளியிலயும் சரி, யார் மரியாதை குடுத்தா? இங்க அறுநூறு பேரு என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துப் போவாங்க. பிடிச்சிருந்துச்சு மேடம். போதுமா?

— அப்போ நீங்க மிதிக்காத வரைக்கும்...

— பச்சைதான். எல்லாருக்கும் பச்சை.

— பேக்கிங் ஷெட்டு மேல உங்களுக்கு என்ன கோபம்?

— ஒரு மண்ணும் இல்ல. முதமுதல்ல மாட்டினவ அந்த ஷெட்டு. அன்னையிலிருந்து அவங்க போடற நீலக் கோட்டு கண்ணுல பட்டாலே கால் தானாப் பெடலுக்குப் போகும். ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத் தடவினா ரெண்டு மாசத்துக்கு ஒருத்தியாவது மாட்டத்தானே செய்வா? மாட்டினதும், பார்த்தியா, நான் நினைச்சது சரியாப் போச்சுன்னு இன்னும் நாலு மிதி. தோண்டின இடத்துலதானே மேடம் தண்ணி வரும்.

— மத்தவங்க எடுக்கறாங்களா இல்லையா?

— எனக்கெப்படித் தெரியும்? நான்தான் தோண்டவே இல்லையே. அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துல சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்துல ராஜான்னு சும்மாவா சொன்னாங்க?

— அக்கா, இதை எழுதினா உங்க வேலை போயிடும்.

— தெரியாமலா சொன்னேன்? அந்த இருபத்தெட்டுப் பேரும் எடுத்தாங்க. அது பொய்யில்ல. அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க, ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா எடுக்காத நாப்பத்திரண்டு பேர் என் கால் பண்ணின வேலையில தெருவுக்கு வரக்கூடாது மேடம். என் பேரைப் போட்டே எழுதுங்க. பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்.

— சங்கு ஊதுது.

— ஊதட்டும். அவங்க கை கழுவிட்டு வர அஞ்சு நிமிஷமாகும். எழுதுவீங்கதானே? ஏன் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?

— பதிமூணு நாளா நானும் இந்த கேட்டு வழியாத்தான் போயிட்டு வரேன். தினமும் பட்டனை அமுக்கறேன். எனக்கு ஒரு நாளும் சிவப்பு வரல.

— உங்களுக்கு எப்படி மேடம் வரும்? நல்ல படிப்பு, கழுத்துல அட்டை, என்னைப் பார்த்தா ஒரு சிரிப்பு. உங்களைப் பார்த்தா எடுக்கற ஆளு மாதிரியா இருக்கு?

— பெடலை மிதிங்க அக்கா.

— என்ன விளையாட்டு இது?

— வீட்டுல அஞ்சு துண்டு இருக்கு. ஆறாவது இந்தப் பையில இருக்கு.