மூன்று நிமிடமும் பிளெமிஷும்

எறிகணைச் செல் விழுகிறது. போனுக்குள்.

முதலில் கூவல். பிறகு "டும்". பிறகு மண் கொட்டும் சத்தம். 2009 ஏப்ரல். அபுதாபியில் பிற்பகல் ஒன்றரை. வன்னியில் மூன்று மணி. நான் வேலை செய்யும் வீட்டின் குசினியில், அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். என் ஒன்பது வயது மகள் துளசி அங்கே, சட்டலைட் போன்காரரின் பதுங்குகுழியில்.

"குப்புறப் படு பிள்ளை! தலையைத் தூக்காதை!" கத்துகிறேன்.

சத்தமில்லை. பிறகு அவள் குரல்.

"அமாய்!"

சிரிக்கிறாள். செல்லடிக்குள் இருந்து சிரிக்கிறாள், விசரி.

அது பிளெமிஷ், பெல்ஜியத்து டச்சு. என் மேடம் பெல்ஜியத்துக்காரி. அந்த வீட்டில் திகைத்தாலும் அமாய், வலித்தாலும் அமாய். அவருடைய மகளை வளர்த்தே நான் அந்தப் பாஷையைப் பிடித்தேன். மேல்மாடி ஹொலண்டுக்காரர் என் பேச்சைக் கேட்டால் சிரிப்பார். இது சரியான டச்சு இல்லையாம். சிரிக்கட்டும். மட்டக்களப்புப் பேச்சுக்கு வன்னியில் நாங்கள் அடிக்காத நக்கலா?

பெல்ஜியம் திரும்பும்போது என்னையும் துளசியையும் கூட்டிப்போகப் பார்ப்பதாக மேடம் சொல்லியிருந்தார். பார்ப்பதாகத்தான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு அழைப்பிலும் துளசிக்கு இரண்டு சொல். அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளை முழிக்கக் கூடாதே.

அந்தப் போனில் ஆளுக்கு மூன்று நிமிடம். பின்னால் வரிசை.

"அம்மா, எல்லாம் பாடமாக்கிட்டன். சொல்லட்டே?"

"சொல்லு."

பிளெமிஷில் பெயர் சொன்னாள். பசிக்கிறது என்றாள். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். ஏழில் தடுக்கினாள். திருத்தினேன். ஐயோ, அந்தச் செல்லடிக்குள் நின்ற பிள்ளையைத் திருத்தினேன்.

கைக்குழந்தையோடு துளசியையும் வைத்துப் பார்க்கும் என் தங்கை பின்னால் கத்தினாள். "அக்கா, நாங்கள் இடம் மாறிட்டம்! இப்ப நிக்கிறது..."

"பொறடி, பிள்ளை முடிக்கட்டும்."

பத்து வந்தது. லைன் அறுந்தது.

அதன் பிறகு அழைப்பு இல்லை. மே மாதம் சண்டை முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். நான் லீவு கேட்டு அழுது ஊர் போனேன். வவுனியாவில் முகாம் முகாமாகக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயர் கூப்பிட்டுத் தொண்டை போனது. ஓர் அலுவலகத்தில் படிவம் நீட்டினார்கள். கடைசியாக இருந்த இடம்? பேனா ஓடவில்லை. தங்கை சொல்ல வந்தாள். நான்தான் பொறு என்றேன்.

இல்லாமல் போனவர்கள்: என் மகள் துளசி. என் தங்கை. தங்கையின் ஏழு மாதக் குழந்தை. மூன்று பேர். உடல் ஒன்றும் கிடைக்கவில்லை. எந்த இடத்து மண்ணைத் தோண்டச் சொல்வேன்?