டீச்சரைப் பிடித்த போலீஸ்

சுவாவிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பேருந்தில், பாலர் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி தன் தாயிடம் துள்ளித் துள்ளிச் சொன்னாள்:

“மா, இன்னிக்கி டீச்சரையே புடிச்சிட்டேன்!”

“எதுக்குடி?”

“சிலிப்பரோட கிளாசுக்குள்ள வந்துட்டாங்க. கூடாதுன்னு நேத்துதான் சட்டம் போட்டோம்லா! மூணு தடவ வாசிச்சி, எல்லாரும் கை தூக்கி, கதவுல ஒட்டிட்டோம்.”

நம் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றும் முறைப்படிதான் நடந்திருக்கிறது. மன்னரின் ஒப்புதல் மட்டும் விட்டுப்போயிருந்தது.

“டீச்சர புடிக்க பயமா இல்ல?”

“பயமாத்தான் இருந்துச்சி. ஆனா இந்த வாரம் நாந்தானே போலீஸ்! புடிபட்டா கிளாஸ கூட்டணும். கூட்டுனாங்க!”

“ஐயையோ! நாளைக்கி ஒன்னய ஏசப் போறாங்க.”

“ஏச மாட்டாங்க. சட்டத்த மாத்தப் போறாங்களாம்.”

“மாத்திட்டா?”

“எப்படி மாத்துவாங்க? அவங்களுக்கு ஒரு ஓட்டு, எங்களுக்குப் பதினொன்னு!”