குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி எதுவும் நேராக ஓடாது. ஒன்று இடது பக்கம் இழுக்கும், இல்லையென்றால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுற்றும். வண்டியின் கோணலைத் தெரிந்துகொண்டு நாமும் கொஞ்சம் கோணிக்கொள்ள வேண்டும். பதினாறு வருடம் தள்ளியிருக்கிறேன். நோயாளி, அழுக்குத் துணி, ஆக்சிஜன் சிலிண்டர், முகம்வரை துணி மூடியவர்கள். இடையிடையே லேபிலிருந்து வார்டுகளுக்குக் காகிதம் கொண்டுபோவதும் என் வேலைதான்.

ஐயா, நாலு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி விசாரணைக்கு அதிகாரியாக வந்து என்னைக் கேள்வி கேட்டது நீங்கள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தீர்கள். "இந்த மனுஷனுக்கு எழுத்தே தெரியாது, இவரை என்னத்தைக் கேக்குறது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை வேறு யாரையும் வைத்து எழுதவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் என் தம்பி மகள். அவளுக்குப் பதினொரு வயது, பார்த்தால் ஏழு என்பார்கள். சின்னத் தலை, குச்சிக் கைகள். காய்ச்சல் விட்டால் சளி, சளி விட்டால் காய்ச்சல். முழங்காலில் சிராய்த்தால் ஆற மாதக்கணக்கு ஆகும். பள்ளிக்கூடம் போன நாளைவிடப் போகாத நாளே அதிகம். தம்பி லாரி ஓட்டுகிறவன். நானும் அவனும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், ஒரே வீட்டில்தான் இருந்தோம். அதனால் வேலை முடிந்து வந்தால் அவளுக்குத் துணை நான், எனக்குத் துணை அவள்.

அவளுடைய மருந்துப் பெட்டிகள்தான் என் பாடப்புத்தகம். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்பதைத் திக்காமல் படித்து முடித்த அன்று, பெட்டியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எட்டிருச்சே பெரியப்பா, இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளை டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

வேலை இடத்தில் நான் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை. படிக்கத் தெரியும் என்றால் இன்னொரு வேலை தலையில் விழும். அங்கே எனக்கு வேறு பாடம் இருந்தது. "சிவப்புப் பட்டைன்னா ஓடணும், பச்சைன்னா நடக்கணும், பட்டையே இல்லைன்னா டீ குடிச்சிட்டு வரலாம்" என்று வார்டு சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். நானும் சிரித்துவிட்டு, லேப் நோட்டில் எப்போதும்போல் கட்டைவிரலை உருட்டிவிட்டுப் போவேன்.

பிறகு டீச்சருக்கு நெஞ்சுக்குள் கட்டி வந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். ரத்தத்தைச் சேர்ந்த புற்றுநோய் என்றார்கள். மூச்சுக்குழலை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பொறுமைசாலி. வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். செல்லுக்குள் டிஎன்ஏ என்று ஒரு இழை இருக்கிறதாம், அது தினமும் அறுந்துகொண்டே இருக்குமாம். அறுந்த முனைகளைச் சேர்த்து ஒட்டுகிற என்சைமுக்கு லைகேஸ் என்று பெயராம். அதில் சில வகை உண்டு. இரண்டு இழையும் ஒன்றாக அறுந்துபோனால் ஒட்டுவது நாலாவது வகை. டீச்சருக்குப் பிறவியிலேயே அதில் கோளாறு இருக்குமோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம்.

மற்றவர்கள் முழித்தார்கள். எனக்குச் சட்டென்று புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் முன் நான் மின்சாரக் கேபிளுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவன். நாங்கள் நாற்பது பேர் தோண்டுவோம். கடைசியில் ஜாயின்டர் ஒருத்தர் வந்து குழிக்குள் உட்கார்ந்து முனைகளைச் சேர்ப்பார். அவருக்கு வெயில் படாமல் நாங்கள் குடை பிடிப்போம்.

"ஜாயின்டர் வராட்டி தெரு பூரா இருட்டுதான் டாக்டரம்மா" என்றேன்.

"அதேதான். கட்டியைச் சுருக்கக் கதிர்வீச்சு குடுக்குறதுன்னா, வேணும்னே கேபிளை வெட்டுறது. கட்டியும் வெட்டுப்படும், பக்கத்துல இருக்குற நல்லதும் வெட்டுப்படும். மத்தவங்களுக்கு நல்லதை ஒட்டிக்குடுக்க ஆள் இருக்கு. இவளுக்கு ஆள் இல்லைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

வெளியூர் லேபுக்கு ரத்தம் போயிருந்தது. கோளாறு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் கதிர் கிடையாது. மருந்தை அளவு குறைத்துக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பொருத்தமான ஒருத்தரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பது, அதற்குமேல் மூச்சு தாங்காது, வராவிட்டால் எல்லோருக்கும் செய்வதுபோல் கதிர் என்று முடிவாயிற்று.

மஜ்ஜைக்கு வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். பொருந்தியது என் மகனுக்கு மட்டும். பதினேழு வயது, ஒரே பிள்ளை. "எடுத்துக்கங்க" என்று உடனே சொல்லிவிட்டான். மயக்கம் கொடுத்து இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுப்பார்களாம். ஆபத்து உண்டா என்று தனியாகக் கேட்டேன். ரொம்ப ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டரம்மா. ஐயா, அந்த ஆஸ்பத்திரியில் அபூர்வங்களைத் துணி மூடித் தள்ளிக்கொண்டு போகிறவன் நான்.

புதன்கிழமை மதியம் லேப்காரர் சிவப்புப் பட்டை போட்ட உறையைக் கொடுத்து ஓடச் சொன்னார். ஓடவில்லை. துணி அறையில் உட்கார்ந்து பிரித்தேன். கடைசிப் பக்கம் வீட்டாருக்கென்று எளிய எழுத்தில் இருந்தது. லைகேஸ் நான்கு வேலை செய்யவில்லை. கதிர் சிகிச்சை கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து. 'ஆபத்து' என்ற வார்த்தையை எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை, டிரான்ஸ்பார்மர் பலகையில் பார்த்துப் பழக்கம். உறையை மறுபடி ஒட்டி, அலமாரிக்கு மேலே பழைய மெத்தை உறைகளுக்குப் பின்னால் வைத்தேன். கொஞ்சம் யோசிக்கலாம் என்றுதான் வைத்தேன்.

வியாழக்கிழமை லேப்காரர் மனைவியின் பிரசவத்துக்கு லீவில் போய்விட்டார். டாக்டரம்மா போன் செய்தபோது புதிதாக வந்தவர் லேப் அலமாரியைப் பார்த்து இல்லை என்றார். என் கட்டைவிரல் பதிந்திருந்த நோட்டைப் பார்க்கவில்லை. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீச்சரைச் சக்கர நாற்காலியில் கதிர் அறைக்குக் கொண்டுபோனது நான். நீளமான வராந்தா. பாதி வழியில் கேட்டாள்.

"என் பேப்பர் வந்துச்சா பெரியப்பா?"

"இன்னும் வரலைம்மா."

"வந்தா நீங்களே படிச்சுச் சொல்லுங்க. டாக்டரம்மா அசந்துபோயிருவாங்க."

நாற்காலி இடது பக்கம் இழுத்தது. நான் நேராகவே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

முதல் நாளுக்குப் பிறகாவது கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால், இதுவரை எங்கே இருந்தது என்று கேட்பார்களே. ஐந்து நாள் கொடுத்தார்கள். ஆறாம் நாள் கழுத்தும் மார்பும் வெந்துபோய் இருந்ததைப் பார்த்து டாக்டரம்மா நிறுத்திவிட்டார். தொண்டை புண்ணாகித் தண்ணீர் இறங்கவில்லை. எச்சில் விழுங்கவே அழுதாள். நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன். இருபத்துமூன்றாம் நாள் போய்விட்டாள். அந்த வண்டியையும் நான்தான் தள்ளினேன். வேறு ஆள் தள்ளினால் தம்பிக்கு மனது கஷ்டப்படும்.

நடுவில் ஒரு நாள் உறையை எலும்பு வார்டுத் தட்டில் போட்டுவிட்டேன். கண்டெடுத்தார்கள், நீங்கள் வந்தீர்கள். அவசரக் காகிதத்தை எழுத்து தெரியாதவனிடம் கொடுத்துவிட்டு லீவில் போனார் என்று லேப்காரர் வேலை போனது. பெண் குழந்தை என்று கேள்விப்பட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் என் மகன் யாரோ ஒரு முகம் தெரியாத ஆளுக்கு மஜ்ஜை கொடுத்துவிட்டு வந்தான். என்னிடம் சொல்லாமல் பேர் கொடுத்து வைத்திருந்தானாம். ஒரு ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் பஸ் பிடித்து வந்து, குப்புறப் படுத்துக்கொண்டு சாப்பாடு கேட்டான். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்திரி.

"இவ்வளவுதாம்ப்பா. அன்னைக்கு அந்தப் பேப்பர் மட்டும் வந்திருந்தா, பாப்பாவுக்கும் இவ்வளவுதான்" என்றான். அவன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். தம்பி என் தோளில் கை வைத்து, "விடுண்ணே, உனக்குத் தெரியுமா என்ன" என்றான்.

தெரியும் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுத வருகிறது. அவள் மேல் எனக்கு இருந்த பாசத்தில் ஒரு குறையும் இல்லை, அதை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். லேப்காரருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுங்கள்.

கீழே கட்டைவிரல் வைக்கவில்லை, கையெழுத்தே போட்டிருக்கிறேன். எங்காவது எழுத்துப் பிழை இருந்தால் டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். அவள் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள்.