மிச்ச யூனிட்

எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து நீங்கள் பார்க்க முடியாது, சார். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

மொட்டைமாடியில் சோலார் தகடு போட்டதும் அதனால்தான். வீட்டுச் செலவு போக மிஞ்சும் மின்சாரம் மின்சார அலுவலகத்துக்குப் போகும். அத்தனை யூனிட் நம் பெயரில் வரவாகும். மனைவியை மிக்ஸி பக்கமே அண்டவிடாமல் வருஷம் முழுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட் சேர்த்தேன். பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

எங்களோடு இருந்த மாமனார் அதே அலுவலகத்தில் பில் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷக் கணக்கு முடிய மூன்று நாள் இருக்கும்போது வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, கடைசி நாள்ல மிச்சமிருந்தா அழிச்சிடுவாங்க. தெரியாதா?"

"முன்னாடியே சொல்லக்கூடாதா மாமா?"

"நீங்க கேக்கவே இல்லையே. ஊருக்குத் தானம் பண்றீங்கன்னு நெனச்சேன்."

வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

தகடுகளை அணைத்தேன். கீசர், ஏசி, இஸ்திரிப்பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஓடவிட்டேன். "காலி மெஷினத் தொவைக்கிறீங்களே, அது அவ்வளவு அழுக்கா?" என்று கேட்டுவிட்டு மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசி நாள் மாலை நாற்பது யூனிட் மிச்சம். குளிர்காலத்துக்கு வாங்கிய இரண்டு ஹீட்டர்கள் இருந்தன. நல்ல பிளக் பாயின்ட் மாமனார் அறையில்தான். சின்ன அறை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. இரண்டையும் அங்கே போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். கதவை வெளியே தாழிட்டேன். திறந்து கிடந்தால் சூடு வீணாகப் போகும்.

சில மணி நேரம் கழித்துத் தட்டினார். "மாப்பிள்ளை, மூச்சு முட்டுது. கதவத் தெறங்க."

செல்போனில் கணக்கைப் பார்த்தேன். "இன்னும் பதினோரு யூனிட்தான் மாமா."

மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் பழைய அலுவலக ஆள், புரிந்துகொண்டிருப்பார்.

தட்டுவது நின்றபோது ஏழு யூனிட் மிச்சமிருந்தது. அதையும் முடித்துவிட்டுத்தான் திறந்தேன், சார். எதையும் பாதியில் விடுவது என் வழக்கமில்லை.