மிச்சம் நாலு

— இந்த எடத்துல ஒரு கையெழுத்து, பின்பக்கம் ஒண்ணு. அவ்ளோதான் ஜெயராணிம்மா. நான் கூடத்து மேல ஏறி சாட்டிலைட் டிஷ்ஷைக் கழட்டிக்கிறேன். நீங்க போனையும் பெட்டியையும் குடுத்துடுங்க.

— ஏழு வருசம் இதக் காவல் காத்தவ நானு. ரெண்டு கையெழுத்துல முடிச்சிடுவீங்களா தேவநாதன் சார்?

— கடலூர் டெலிபோன் ஆபீஸ்ல அனுப்புனாங்க, வந்தேன். லைன்மேன் கையில இன்னா இருக்குது?

— தானே புயல் அடிச்சு ரெண்டு மாசம்கூட ஆவல. டவரெல்லாம் செத்துக் கெடந்தப்ப இந்தக் குப்பத்துலேருந்து பேசுனது இந்த சாட்டிலைட் போன் ஒண்ணுதான். கிள்ளையிலேருந்தே ஆளுங்க தோணி புடிச்சு வந்து பேசிட்டுப் போனாங்க. அத உங்க ஆபீஸ்ல யாரும் எழுதலையா?

— எழுதுனோம்மா. ஆனா ஆர்டரு புயலுக்கு முன்னாடியே போட்டது. டில்லியிலேருந்து சென்னை வந்து, சென்னையிலேருந்து கடலூர் வந்து சேர்றதுக்குள்ள புயலே வந்துட்டுப் போயிடுச்சு.

— ஆர்டரத் திருப்பி அனுப்பிடுங்க. அந்தம்மா குடுக்க மாட்டேங்குறான்னு சொல்லுங்க.

— கேளுங்கம்மா. இந்த மாதிரி போனெல்லாம் ஓடுனதே ஒரு பொது நிதியில. போன் கம்பெனிக்காரன் ஒவ்வொருத்தனும் வர்ற வருமானத்துல ஒரு பங்கு அரசாங்கத்துக்குக் கட்டணும். அதுலேருந்துதான் ஒயரு போவாத ஊருக்கு சாட்டிலைட் போன் வெச்சாங்க. இப்ப அதே கம்பெனிக்காரன் கிள்ளையில மூணு டவர் நட்டுட்டான். டவர் எட்டுற ஊருக்கு சாட்டிலைட் எதுக்குன்னு கேக்குறாங்க. நம்ம இன்னா பதில் சொல்றது?

— கேள்வி ஞாயந்தான். செல்லுல செகண்டுக்கு ஒரு பைசான்னு வந்த நாள்லேருந்து இந்தப் பக்கம் ஒரு ஆள் எட்டிப் பாக்கல. புயல் வந்த வாரத்தத் தவிர. நாங்களா ஒண்ணு வாங்கி வெச்சிக்கிட்டா ஆவாதா?

— எது, சாட்டிலைட் போனா? அந்தப் பேச்சே எடுக்காதீங்க. கவர்மெண்டு வெச்சா அது சேவை. நீங்க வெச்சா கேசு. பம்பாய்ல அந்த அட்டூழியம் நடந்ததுக்கு அப்பறம் ரொம்பக் கெடுபிடி. லைசென்ஸ் இல்லாம கையில இருந்தா மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சிடுவாங்க.

— நல்லா இருக்குது சார் உங்க சட்டம். செல்லுன்னா ஆளுக்கு ரெண்டு வெச்சிக்கலாம், வானத்தோட பேசணும்னா மட்டும் டில்லியைக் கேக்கணும்.

— அது சரி, இவ்ளோ ஆசையா இருக்கீங்களே, இதுல பேசவே ஒரு பொறுமை வேணும். நாம சொல்லி அது மேல ஏறி எறங்கி, அவுங்க சொல்லி அது மேல ஏறி எறங்கி வரணும். ஒரு தடவ ஏறுறதே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரு.

— அதத்தான் சார் எல்லாருக்கும் கத்துக் குடுத்தேன். சொல்லிட்டு நிறுத்து, மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணு, அப்பறம் பேசுன்னு. சின்னையன் அண்ணன் மனசுக்குள்ளன்னு சொன்னத வுட்டுட்டாரு. ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவுல போனுக்குள்ளயே ஒண்ணு ரெண்டு சொல்லுவாரு. அந்தப் பக்கம் அவரு மவன் இன்னாப்பா எண்ணுறன்னு கேப்பான்.

— அடப்பாவமே.

— கொளஞ்சியம்மாள் அத்தை கத தெரியுமா? சிங்கப்பூர்ல இருக்குற மருமவகிட்ட சண்ட போடணும்னே வரும். ஒரு வார்த்த சொல்லிட்டு நிறுத்தணும்ல. நிறுத்துறதுக்குள்ள கோவம் பாதி எறங்கிடும். அப்பறம் புள்ளைங்க சாப்ட்டுதான்னு கேட்டுட்டு வெச்சிடும். செல்லு வந்ததும் நல்லா சண்ட போட்டுடுச்சு. ரெண்டு பேருக்கும் ஒரு வருசமாப் பேச்சே இல்ல.

— சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியலம்மா.

— ஞாயித்துக்கெழம ஆனா இந்தக் கூடத்து வாசல்ல கோயில் திருவிழா மாதிரி கூட்டம். யாரு வூட்டுல இன்னா நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி அழுதா பின்னாடி நிக்கிறவ கண்ணத் தொடைச்சிக்குவா. இப்ப ஆளாளுக்கு மூலையில போய் நின்னு பேசுறாங்க. யாரு செத்தா யாரு பொழச்சான்னு ஒண்ணும் தெரியல. அந்த நாளு மாதிரி வராது சார்.

— தோ, உங்க வூட்டுக்காரரு வர்றாரு. வாங்க அன்புமணி சார். நீங்களாவது சொல்லுங்க, கையெழுத்து போடமாட்டேங்குறாங்க.

— போடுவா சார். மொதல்ல கொஞ்சம் பொகையும், அப்பறந்தான் ஸ்டார்ட் ஆவும். போட் இஞ்சின் பாக்குறவன், எனக்குத் தெரியாதா? இன்னா ஜெயா, அவரு தோணிக்குத் திரும்ப வேணாமா?

— போடுறேங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு போன் பேசணும்.

— யாருக்கு?

— உங்களுக்கு.

— நான் இங்கதான நிக்கிறேன்.

— தோணித்துறைக்குப் போய் உங்க செல்லோட நில்லுங்க. ஆறு வருசமா நம்ம வூட்டுல ஒரு வழக்கு ஓடுதுல்ல. அது இன்னிக்கித் தீரணும். இந்தப் பெட்டி போயிடுச்சுன்னா சாட்சியே இல்ல.

— பாத்தீங்களா தேவநாதன் சார்? கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னாக்கூட அந்த வழக்குதான் வரும்.

— இன்னா வழக்குன்னு நான் தெரிஞ்சிக்கலாமா?

— நானே சொல்றேன் சார். அப்ப எனக்கு இருவத்தோரு வயசு. இவருக்கும் எனக்கும் நிச்சயம் ஆயி இவரு கப்பலுக்குப் போயிட்டாரு. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி. அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. தம்பி செம்பியனுக்கு ஒம்போது வயசு, தங்கச்சி அனுப்பிரியாவுக்குப் பதினொண்ணு. மூணாம் மாசம் இந்த போன் வெச்சாங்க. இவரு கப்பல்லேருந்து கூப்புட்டாரு.

— கேப்டன் கையக் கால புடிச்சுக் கூப்புட்டேன். அவரு போனும் சாட்டிலைட்டுதான். இந்தியாகிட்ட நெருங்குனா அத அணைச்சுப் பூட்டி வெச்சிடுவாரு, அஞ்சு நிமிசத்துல முடின்னாரு.

— நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்பறம் தம்பி தங்கச்சியையும் கூட்டிட்டு வந்தா உங்களுக்குச் சம்மதமான்னு. பின்னாடி முப்பது பேரு நிக்கிறாங்க. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கேன். எட்டு வரைக்கும் எண்ணிட்டேன். அப்பறந்தான் சார், கூட்டிட்டு வான்னு சத்தம் வந்துது.

— வந்துதுல்ல? அப்பறம் இன்னா? என் பக்கம் ஒரு சாட்டிலைட், இவ பக்கம் ஒரு சாட்டிலைட். ரெண்டு மடங்கு லேட்டாவும். நீங்களே சொல்லுங்க சார், நான் சொல்றது தப்பா?

— தப்பில்ல. ரெண்டு பக்கமும் சாட்டிலைட்டுன்னா ரெண்டு மடங்குதான்.

— அதத்தான் இன்னிக்கி எண்ணிப் பாக்கலாம்னு சொல்றேன். போங்க, துறையில போய் நில்லுங்க. தேவநாதன் சார், நீங்க மேல ஏறிக்குங்க. முடிஞ்ச ஒடனே கூப்புடுறேன்.

— சரிம்மா. ஒயர்ல கைய வெக்க மாட்டேன், நல்லா பேசுங்க.

— ஹலோ. கேக்குதாங்க?

— கேக்குது. நீ கையாட்டுறதுகூடத் தெரியுது.

— நான் கேட்ட ஒடனே யோசிக்காம பதில் சொல்லுங்க. உங்க பேரு இன்னா?

— அன்புமணி.

— ரெண்டு. செம்பியன் இன்னா படிக்கிறான்?

— பத்தாவது.

— ரெண்டு. அனுப்பிரியா எங்க இருக்கா?

— அண்ணாமலை நகர் ஹாஸ்டல்ல, நர்சிங். ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லியிருக்கா, எறா வாங்கி வெக்கணும்.

— இதுவும் ரெண்டு. உங்க கப்பலுக்கும் ஒரு ரெண்டு சேத்துக்கிட்டா நாலு. அன்னிக்கி எட்டுங்க. மிச்சம் நாலு யாருது?

— ஜெயா.

— யாருதுங்க?

— என்னுது.

— ம்.

— சாட்டிலைட் மேல பழி போட்டது பொய்தான். அந்த நாலும் என்னுது. நீ கேட்ட ஒடனே, எங்கம்மா இன்னா சொல்லும், ரெண்டு புள்ளைங்களுக்கு நான் அப்பனா நிக்க முடியுமா, கல்யாணம்னு சொல்லி இன்னாத்தத் தலையில கட்டுறாங்கன்னு எல்லாம் வந்துது. முடியாதுன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன்.

— அப்பறம் ஏன் சொல்லல?

— அந்தப் பக்கம் கூட்டத்துல யாரோ இருமுனது கேட்டுது. அத்தன பேரு முன்னாடி இவ தனியா நிக்கிறான்னு நெனச்சேன். கூட்டிட்டு வான்னு வாயி சொல்லிடுச்சு. மனசு அப்ப சொல்லல. பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது.

— மனசு எப்ப சொல்லுச்சு?

— செம்பியனுக்கு டெங்கு வந்து சிதம்பரம் ஆஸ்பத்திரியில கெடந்தான்ல. கண்ணத் தொறந்ததும் உன்னைக் கேக்கல, மாமா எங்கன்னான். அன்னிக்கி. நீ ஆறு வருசமா சந்தேகப்பட்டது சரிதான் ஜெயா. உனக்குக் கோவம் இருந்தா ஞாயம். மன்னிச்சிக்க.

— நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க?

— நீ அன்னிக்கி அவ்ளோ பாசமா, அதுங்கள வுட்டுட்டு வரமாட்டேன்னு நிக்கிற. நான் நாலு எண்ணுற நேரம் உன்னைத் தவிக்க வுட்டேன். தெய்வம் மாதிரி நின்னவ நீ.

— அப்புடிச் சொல்லாதீங்க.

— வேற எப்புடிச் சொல்றது? ஊரே அப்புடித்தான் சொல்லுது.

— ஊருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆறு வருசமா நான் ஏன் அந்த எட்டையே சொல்லிக் காட்டுனேன்னு நெனைக்கிறீங்க? நீங்க தயங்குனீங்கன்னு ஆயிடுச்சுன்னா என்னுது கொஞ்சம் கொறையும்னுதான்.

— உன்னுது இன்னாது?

— சொல்றேன். நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. நேருக்கு நேரா என்னால சொல்ல முடியாது, இந்தப் பெட்டி இருக்கறப்பவே சொல்லிடுறேன்.

— சொல்லு.

— அன்னிக்கி நான் போன் பேசறப்ப என் மடியில ஒரு ஃபாரம் சொருகி இருந்துது. கடலூர்ல அநாதப் புள்ளைங்க ஹோம் ஒண்ணுல வாங்குனது. செம்பியன் பேரையும் அனுப்பிரியா பேரையும் எழுதி கையெழுத்து போட்டு வெச்சிருந்தேன். நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா, கட்டிக்கப் போறவரு ஒத்துக்கலன்னு ஊருக்குச் சொல்லி ரெண்டையும் அங்க வுட்டுட்டு நான் மட்டும் உங்ககிட்ட வந்துடலாம்னு இருந்தேங்க. முடியாதுன்னு சொல்லுங்க, சொல்லிடுங்கன்னு வேண்டிக்கிட்டுத்தான் அந்த எட்டையும் எண்ணுனேன்.